பெறுகிறவர் கொடுக்க வேண்டியது

சின்ன காஞ்சிபுரத்தில் தறி நெய்கிற ராஜகோபால் வீட்டு இரும்பு கேட்டுக்கு முன்னால் முதல் கடிதம் வந்து அந்தரத்தில் நின்றது ஒரு புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை. தொங்கியது என்று சொல்ல முடியாது, தொங்குவதற்கு மேலே கயிறோ கம்பியோ கிடையாது. ஆள் மார்பு உயரத்தில் நின்றது, அவ்வளவுதான். அன்றைக்குச் சாமந்தி விலை இறங்கியிருந்தது, குழாயில் தண்ணீர் வழக்கம்போல் தாமதமாக வந்தது. தபால்காரர் வீரபாகு கடிதத்தைக் கையில்தான் கொண்டுவந்தார். ஸ்டாம்பு ஒட்டாத தபால், வாங்குகிறவர்தான் கட்டணம் கட்ட வேண்டும் என்று சொல்லி, மாடியில் வாடகைக்கு இருக்கும் லோகேஸ்வரனைக் கீழே கூப்பிட்டார். லோகேஸ்வரன் நீட்டிய நோட்டு மேலே பட்டதும் கடிதம் வீரபாகுவின் விரலை விட்டு நழுவி, கீழே விழாமல், கேட்டுக்கு நேராகப் போய் நின்றுகொண்டது. தலை நரைக்கிற அளவுக்கு சர்வீஸ் போட்ட வீரபாகு இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "காசு வேணான்னுது சார். வேற என்னமோ கேக்குது. நீங்களே பேசி முடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்தக் கடிதத்துக்குக் கவர் இல்லை. தாளையே மூன்றாக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி ஒட்டியிருந்தார்கள். அரக்கின் மேல் முத்திரைக்குப் பதிலாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் லோகேஸ்வரனுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு காலேஜில் அவன் ஆங்கில வாத்தியார். இங்கிலாந்தின் சமூக வரலாறு என்று ஒரு பாடம், யாரும் எடுக்க மாட்டேன் என்று தள்ளிவிட்டது, சேர்ந்த புதிதிலேயே அவன் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த வாரம்தான், இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் அவர்கள் நாட்டில் எப்படிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தான். கவர் போட்டால் அது இன்னொரு தாளாகக் கணக்காகிவிடும், அதனால் கவர் கிடையாது, மடித்து அரக்கு வைப்பதுதான். தாள் நிறைந்த பிறகும் சேதி மிச்சம் இருந்தால் தாளைத் திருப்பி வைத்து, எழுதிய வரிகளுக்குக் குறுக்கேயே மறுபடி எழுதுவார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே தேவைப்படவில்லை, தறியில் பாவுக்குக் குறுக்கே ஊடை ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். வந்த கடிதத்தை ஒருவர் உரக்கப் படிக்க வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தபால் கூலியை அனுப்புகிறவர் தரமாட்டார், பெறுகிறவர்தான் தர வேண்டும்.

அதில் ஏழைகள் ஒரு தந்திரம் பண்ணினார்கள் என்றும் சொன்னான். கடிதம் வாசலுக்கு வரும். மேலே இருக்கிற எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மகன் உயிரோடு இருக்கிறான், கை கால் நன்றாக இருக்கிறது. அது போதும். எனக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைச் சொன்னதும் முதல் பெஞ்சில் இருந்த நதியா, "சார், இது நம்ம மிஸ்டு கால் சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் லோகேஸ்வரனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். கேஸ் சிலிண்டர் என்று பெயர் தெரிந்தது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அடக்கிவிட்டுப் பையில் போட்டான். அதற்குப் பிறகு என்ன நடத்தினான் என்று அவனுக்கே ஞாபகமில்லை, பாதி வகுப்பிலேயே பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டான்.

கேஸ் சிலிண்டர் என்று அவன் பெயர் போட்டு வைத்திருந்தது பெற்ற அப்பாவுக்கு. அப்பா சின்னப்பையன் திருப்புட்குழியில் இருக்கிறார், காலமெல்லாம் அடுத்தவன் கழனியில் நாற்று முடி சுமந்தவர், இப்போது ஹைவே ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேன். அம்மா அன்னம்மாள் அவன் படிக்கிற காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலை கிடைத்ததும் லோகேஸ்வரன் டவுனில் வீடு தேடினான். நம் ஊரில் வீடு கேட்டுப் போனால் சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்கமாட்டார்கள். சொந்த ஊர் எது, அதில் எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றார் என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். கேட்க விரும்புகிற கேள்வி வேறே, அதை வாயால் கேட்பது நாகரிகம் இல்லையாம். அப்பாவைப் பற்றி உள்ளதைச் சொன்ன வீட்டிலெல்லாம் அடுத்த நாள் யாரோ சொந்தக்காரர் குடிவரப் போவதாகப் பதில் வந்தது. காலெல்லாம் ஓய்ந்துபோய் இந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது ராஜகோபாலும் அதையே கேட்டார். அவன், "அப்பா தவறிட்டார் சார்" என்றான். ராஜகோபால் அடப்பாவமே என்றார், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, சாவியை எடுத்துக் கொடுத்தார். அந்த நிமிஷத்தில் அவன் பையில் போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை.

பொய்யோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. ராஜகோபாலின் மனைவி ரேணுகாம்பாள் நல்ல மனுஷி, அதுதான் வினை. அப்பா இல்லாத பிள்ளை அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்காமல் இருக்கலாமா என்று அவளே எள் வாங்கி, அவளே பொட்டலம் கட்டி, தன் புருஷனோடு அவனையும் சர்வதீர்த்தக் குளத்துக்கு அனுப்பினாள். சில நாள் தானும் கூடப் போய் நின்றாள். அப்பா இருக்கிறவன் அன்றைக்கு எள் பக்கமே போகமாட்டான், நினைத்தாலே உதறும். லோகேஸ்வரன் படிக்கட்டில் உட்கார்ந்தான். அய்யர் அப்பா பெயரைக் கேட்டபோது வேறு பெயர் வாயில் வரவில்லை. சின்னப்பையன் என்று சொல்லி எள்ளை இறைத்தான். ஆடிக்கு ஒன்று, புரட்டாசிக்கு ஒன்று, தைக்கு ஒன்று என்று வருஷாவருஷம் இறைத்தான். இறைத்த எள் தண்ணீரில் மிதக்கவும் இல்லை, அடியில் தங்கவும் இல்லை, கையை விட்டதும் காணாமல் போயிற்று. மீன் தின்றுவிடும் என்று அய்யர் சொன்னார்.

அப்பா கூப்பிட்டால் ஆரம்பத்தில் காலேஜ் பைக் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பக் கூப்பிட்டு மெதுவாகப் பேசுவான். பிறகு வாரம் ஒரு தடவை. பிறகு பரீட்சை, பேப்பர் திருத்துகிறது, மீட்டிங். பொங்கலுக்கு ஊருக்குப் போவது நின்றது. அங்கே அப்பா முகத்தைப் பார்த்தால் குளத்துப் படிக்கட்டு ஞாபகம் வந்தது, சோறு இறங்கவில்லை. போன் வரும், கேஸ் சிலிண்டர் என்று தெரியும், சரி, உயிரோடு இருக்கார் என்று பொத்தானை அழுத்துவான். இதுதான் ஆறு வருஷமாக நடந்தது.

புரட்டாசியில் முதல் கடிதம் வந்த பிறகு வீரபாகு தினமும் வந்தார். அவன் எடுக்காமல் விட்ட அழைப்பு ஒவ்வொன்றும், பழசிலிருந்து வரிசையாக, மடித்து அரக்கு வைத்த கடிதமாக வந்து சேர்ந்தது. கார்த்திகைக்குள் கேட்டிலிருந்து எதிர்வீட்டு லைட் கம்பம் வரைக்கும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. முதலில் வந்தது மட்டும் கேட்டை ஒட்டி, எல்லாவற்றுக்கும் கீழே நின்றது. மழை பெய்தால் நனைவதில்லை, காற்றடித்தால் ஆடுவதில்லை. லோகேஸ்வரன் மாடியிலிருந்து இறங்கினால் மட்டும் எல்லாமாக அவன் பக்கம் திரும்பும், கல்யாண வீட்டில் தெரிந்தவர் வந்தால் திரும்புகிற மாதிரி. தெருவுக்கு ஒரு வாரம் அதிசயமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. பால்காரர் முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு போனார். பூ விற்கிற பொன்னி வெயில் நேரத்தில் அந்த நிழலில் கூடையை வைத்தாள். வைகாசி கருட சேவைக்கு வரதர் வந்தபோது பெரிய குடைகள் இடிக்காமல் இருக்க, கேபிள் வயரைத் தூக்குகிற மாதிரி நாலு பேர் கம்பு கொண்டு கடிதங்களைத் தூக்கிப் பிடித்தார்கள். பெருமாள் போனதும் இறக்கிவிட்டார்கள். ரேணுகாம்பாள் நல்ல நாள் வந்தால் எட்டுகிற கடிதங்களுக்கு மட்டும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள், நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்றாள்.

யாரு தம்பி இவ்ளோ எழுதறாங்க என்று ராஜகோபால் கேட்டதற்கு, யூனிவர்சிட்டியிலிருந்து என்றான். சொல்லும்போதே காது சூடாயிற்று. விரல் ரேகை வைத்து எந்த யூனிவர்சிட்டி எழுதும்? ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தான், கத்தரிதான் முனை மழுங்கியது. தபால் ஆபீசுக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னான், அனுப்பியவர் பேர் சொன்னால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவன் வாயைத் திறக்காமல் வீடு வந்து சேர்ந்தான். போன் வரும்போது எடுத்துப் பேசிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அவனும் தன்னையே கேட்டுக்கொண்டான். எடுத்தால் முதல் வார்த்தை என்ன சொல்வது? ஒரு மனுஷனை இத்தனை தடவை குளத்தில் கரைத்துவிட்டு, நல்லா இருக்கியாப்பா என்று எந்த மூஞ்சியோடு கேட்பது? வெட்கம் ஏறஏறக் கை போன் பக்கம் போகவே மறுத்தது. ஒரு கடிதம் கூடிற்று.

ஆனி கடைசியில் கடிதம் வருவது நின்றது. போனும் வரவில்லை. முதல் இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தான், அதை மறைப்பானேன். அதற்கப்புறம் வகுப்பில், சாப்பிடும்போது, பைக் ஓட்டும்போது பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஆடி பிறந்தது. வீரபாகு அந்தத் தெருவுக்குள் வண்டியை நிறுத்தாமலே போனார். ரேணுகாம்பாள் கோலம் போட்டுக்கொண்டே, "என்ன தம்பி, இப்பல்லாம் ஒண்ணும் வரலையே. எழுதறவங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். லோகேஸ்வரன் மாடிக்கு ஓடிப்போய் கேஸ் சிலிண்டரைக் கூப்பிட்டான். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. மறுபடி மறுபடி கூப்பிட்டான், அதே. மேல் எழுத்தைப் பார்த்து ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு கடிதத்தைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு, கடிதமே வராமல் போன நாளில் என்ன ஆகியிருக்கும் என்று அவன் வகுப்பில் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரிந்திருக்கவும் இல்லை.

மறுநாள் ஆடி அமாவாசை. விடிந்ததும் விடியாததுமாகப் பைக் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். கேட்டுக்குப் பக்கத்தில் ரேணுகாம்பாள் குளித்து முழுகி, கையில் எள் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ராஜகோபால் வேட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். பொன்னி பூக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். ரேணுகாம்பாள் பொட்டலத்தை நீட்டியபோது லோகேஸ்வரன் அதை வாங்கவில்லை.

"வேணாம்மா" என்றான். "எங்கப்பா உசுரோடதான் இருக்காரு. திருப்புட்குழியில இருக்காரு, மண்டபத்துல வாட்ச்மேன். இதெல்லாம் அவர் எழுதினதும்மா."

பத்து மாசமாக நின்ற கடிதங்கள் அப்போதுதான் விழுந்தன. சத்தமில்லாமல், அவன் தோளிலும் கையிலும் காலடியிலும் விழுந்து அரக்கு விட்டுப் போயிற்று. கேட்ட கூலி அதுதான் போலிருக்கிறது. அவன் குனிந்து ஒன்றை எடுத்தான், படிக்காமல் அங்கிருந்து நகரக் கால் வரவில்லை. பழைய வழக்கப்படி உரக்கத்தான் படிக்க முடிந்தது, மனசுக்குள் படிக்கப் பார்த்தால் எழுத்து கலங்கியது. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குது, ஒண்ணு வெள்ளை, என்றது ஒரு கடிதம். மண்டபத்துல இன்னிக்கு உன் பேருள்ள மாப்பிள்ளைக்குக் கல்யாணம், போர்டைப் பாத்துக்கினே இருந்தேன், என்றது இன்னொன்று. மூன்றாவதை எடுத்தான், ஏதோ ஒரு பழைய ஆடியில் அவன் எடுக்காமல் விட்டது. இந்த ஆடி அமாவாசைக்கும் நம்ம வாசல்ல மட்டும் எள்ளு பெஞ்சுது. பக்கத்து வீட்டுல ஒண்ணும் இல்ல. போன வருசம் பெஞ்சதை வெதைச்சு அறுத்தேன், டப்பாவுல இருக்குது. நீ வந்தா உருண்டை புடிச்சுத் தரேன், சின்னதுல ஆசையா தின்னுவே. அதைத் திருப்பிப் பிடித்தால் குறுக்கே, வரிக்கு வரி, நான் நல்லா இருக்கேன், நான் நல்லா இருக்கேன் என்று ஓரம் வரை எழுதியிருந்தது. எடுத்த கடிதம் எல்லாவற்றிலும் குறுக்கே அதுவேதான் இருந்தது. கையெழுத்தே போடத் தெரியாத மனுஷன் எப்படி எழுதினார் என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை.

ரேணுகாம்பாள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "எள்ளு வாங்குனது நானாச்சே. உசுரோட இருக்கற மனுசனுக்கு நானும்தானே தண்ணி விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே முறத்தை எடுத்துவந்து மிச்சக் கடிதங்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். ராஜகோபால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அவன் ஏமாற்றினான் என்று கோபமா, அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டோமே என்றா, அது அவருக்குத்தான் வெளிச்சம். சிறிது நேரத்தில் உள்ளே தறிச் சத்தம் கேட்டது. அமாவாசை அன்று அவர் வீட்டில் தறி ஓடி யாரும் பார்த்ததில்லை.

செத்துப்போன ஒரு பறவைக்குப் பெருமாளே மகன் மாதிரி ஈமக் கர்மம் செய்த ஊர் என்று திருப்புட்குழிக்குப் பெயர். லோகேஸ்வரன் போய்ச் சேர்ந்தபோது சின்னப்பையன் வாசலில் கோணிப்பையை விரித்துப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்து, வானத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, மற்றபடி நன்றாகத்தான் இருந்தார். போன் ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டியில் விழுந்து, ரிப்பேர் கடையில் கிடந்தது. மகனைப் பார்த்ததும் எழுந்து கோணியைத் தாண்டி வந்தார்.

"வாப்பா. இன்னிக்கு எள்ளு வரல. காலையிலேருந்து உக்காந்துக்கினு இருக்கேன். நீ வந்துட்டே."

லோகேஸ்வரனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எள் எப்போதிலிருந்து வருகிறது என்று கேட்டான், வேறென்ன கேட்பது என்று தெரியாமல். நீ டவுன்ல வீடு புடிச்ச வருசத்துலேருந்து என்றார் அப்பா. டப்பாவைத் திறந்து ஒரு உருண்டையை எடுத்து அவன் கையில் வைத்தார். முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தார்.

"அமாவாசைக்கு எள்ளு எதுக்கு எறைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதாப்பா? எங்கப்பனுக்கு நான் எறைச்சிருக்கேன்ல. சரி, புள்ளைக்கு ஏதோ எக்குத்தப்பா ஆயிருக்குதுன்னு நெனச்சேன். அதான் உசுரோட இருக்கேன்னு சொல்றதுக்குப் போன் பண்ணிக்கினே இருந்தேன். நீ எடுக்கலன்னாலும் என்னா, அப்பான்னு பேரு வருமில்ல, பாத்துக்குவேன்னுதான்."

சட்டைப் பையில் இருந்த போன் நெஞ்சைச் சுட்டது. அதில் அந்த எண்ணுக்கு என்ன பெயர் என்பதை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கே மாற்றிவிட்டான். உருண்டை வாயில் கரையக் கரைய அழுதான், அப்பா வெல்லம் கம்மியா என்று கேட்டார்.

இது நடந்து ஒரு வருஷமாகிறது. ராஜகோபால் காலி பண்ணச் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை, வாடகையை மட்டும் இப்போது ரேணுகாம்பாள் வாங்குகிறாள். லோகேஸ்வரன் வகுப்பில் போன் வந்தால் எடுத்து, சொல்லுப்பா என்கிறான். பாடம் நிற்கும், பிள்ளைகள் காத்திருப்பார்கள், ஆடு என்ன ஆச்சு சார் என்று நதியா விசாரிப்பாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னப்பையன் பஸ் ஏறி வருகிறார். ரேணுகாம்பாள் அவருக்குக் காப்பி போடுகிறாள், அவர் கொண்டுவந்த உருண்டையைச் சாமிக்கு வைத்துவிட்டு ஒன்றைத் தின்கிறாள். திருப்புட்குழியில் எள் பெய்வது நின்றுவிட்டது, பழைய விதையிலிருந்து முளைப்பதே போதுமாக இருக்கிறது.

ஒரே ஒரு கடிதம் மட்டும் விழவில்லை. முதலில் வந்தது, கேட்டை ஒட்டி நிற்பது. அப்பா தவறிட்டார் என்று அவன் சொன்ன நிமிஷத்தில் பையில் அதிர்ந்த அழைப்பு. அதில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், வீடு கெடைச்சுதாப்பா என்பதைத் தவிர அன்றைக்கு அப்பா வேறு எதற்குக் கூப்பிட்டிருக்கப் போகிறார். அதற்கு என்ன கூலி என்றும் தெரியும். தெருவிடம் சொன்னது அதற்குச் செல்லாது. அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையை, அப்பா தவறிட்டார்னு சொன்னேன் என்று, அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் இவன் வாயால் சொல்ல வேண்டும். அப்பா வருகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிடலாம் என்றுதான் கீழே இறங்கி வருகிறான். அப்பா கேட்டைத் திறந்து, இது ஏன்பா இன்னும் நிக்குது என்று கேட்டுவிட்டு, குனிந்து அதன் அடியில் நுழைந்து உள்ளே வருகிறார். அது பழசுப்பா என்று சொல்லி அவன் பையை வாங்கிக்கொள்கிறான்.